கவுண்டருக்கு நாலு நட்சத்திரம், கடலுக்கு ஒன்று

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படகுப் பதிவு, வருட லைசென்ஸ், என்ஜின் மாற்றினால் அதைப் பதிவில் ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு இலங்கையின் வன்னிக் கரையில் இருக்கிற கடற்றொழில் திணைக்களக் கந்தோர் (அலுவலகம்) ஒன்றுக்குத்தான் நாங்கள் போய்வருகிறோம். எந்தக் கந்தோர் என்று எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அது அங்கே மேசையில் இருக்கிற ஓரிரு பிள்ளைகளின் தலையில் விழக்கூடாது. அந்தக் கவுண்டருக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுப்பேன். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்காரருக்கு விண்ணப்பம் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும் என் பொறுப்பு என்பதால் அந்த வாசலை எனக்கு நன்றாகத் தெரியும். தமிழில் கதைக்கிறார்கள், விண்ணப்பம் தமிழில் இருக்கிறது, வயதானவர் வந்தால் கதிரை கொடுக்கிறார்கள், குறை இருந்தால் "இது இல்லை, அது இல்லை" என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகச் சொல்லி அலைக்கழிக்காமல் ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியது: அடையாள அட்டைப் பிரதி, படகு வாங்கிய பற்றுச்சீட்டு, என்ஜின் பற்றுச்சீட்டு, சங்கத்தின் கடிதம். கடற்றொழில் பரிசோதகர் படகை நேரில் வந்து பார்ப்பார், நீளத்தையும் என்ஜின் இலக்கத்தையும் சரிபார்ப்பார், அப்புறம்தான் இலக்கம் கிடைக்கும். அந்த இலக்கத்தைப் படகில் தெளிவாகத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும், வாளியில் மிச்சம் கிடந்த பெயின்ரால் கிறுக்கிவிட்டு வராதீர்கள்.

சிக்கல் வருவது பழைய படகு வாங்கியவர்களுக்கு. நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் இருந்து பைபர் படகு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். விற்றவர் கையெழுத்துப் போட்டு பெயர் மாற்றித் தராவிட்டால் படகு எங்கள் கரையில் நிற்கும், பதிவு அந்த மாவட்டத்தில் நிற்கும். காசு கொடுக்கிற அன்றைக்கே கையெழுத்தையும் வாங்குங்கள், பிறகு ஆளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. 2009 இல் படகும் போய் பத்திரமும் போன குடும்பங்கள் எங்களிடம் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தப் பதிவு என்பது வெறும் கடதாசி இல்லை, நான் கடற்றொழிலாளி என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிற ஒரே சாட்சி. நிவாரணம் வந்தாலும் மண்ணெண்ணெய் மானியம் வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் அந்தக் கவுண்டர் ஒழுங்காக நடப்பது எனக்கு உண்மையிலேயே பெரிய விஷயம், அதற்கு நன்றி சொல்லாமல் மற்றதை எழுத மனம் வரவில்லை.

சரி, இனி மற்றது.

லைசென்ஸ் என்பது இரண்டு பக்கமும் கட்டுப்படுகிற ஒரு ஒப்பந்தம் என்றுதான் நான் நினைக்கிறேன். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் எங்களிடம் பதிவு கேட்கிறது, அனுமதி கேட்கிறது, வெடி போடாதே என்கிறது, தடை செய்த வலையைத் தொடாதே என்கிறது. அதே சட்டம் அரசாங்கத்துக்கும் வேலை கொடுத்திருக்கிறது: முகாமைத்துவப் பிரதேசங்களை அறிவிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு மீன்பிடியை நிறுத்திவைக்கலாம், மீன்வள ஒதுக்கிடம் உருவாக்கலாம், மீறுகிறவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தலாம். நாங்கள் எங்கள் பங்கைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வருகிறோம். அவர்களின் பங்கு கடலில் தெரிய வேண்டும். அங்கேதான் என் நட்சத்திரம் ஒன்றாகக் குறைகிறது.

இரவில் கரையில் நின்று பார்த்தால் தெரியும். சுருக்குவலைக்கு (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்குகிற வலை) நிபந்தனையோடு அனுமதி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. நிபந்தனையை விட்டுவிட்டுக் கரைக்கு அருகிலேயே வெளிச்சம் பாய்ச்சி, சூடையோ பாரையோ, குஞ்சோ பெரிசோ எல்லாவற்றையும் ஒரே வளைப்பில் அள்ளிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. வெளிச்சத்துக்கு மீன் தானாகத் திரளும், திரண்டதை வளைத்துவிட்டால் அந்தப் பக்கம் மறுநாள் பாய்ச்சுவலை போடுகிறவனுக்கு என்ன மிஞ்சும்? சங்கத்தில் இருந்து நாங்கள் முறைப்பாடு எழுதினோம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், படகு என்ன நிறம் என்பது வரை எழுதினோம். கடிதம் கிடைத்தது என்ற பதில்கூட வரவில்லை. நேரில் போய்க் கேட்டால், எங்களிடம் கடலுக்குப் போகப் படகு இல்லை, கடற்படையோடுதான் போக வேண்டும், அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம் என்று பதில். சொன்ன அலுவலரில் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னது உண்மைதான். சட்டத்தை வைத்திருக்கிறவரிடம் படகு இல்லை, படகு வைத்திருக்கிறவருக்கு மீன்வளம் முதல் வேலை இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டுக்குக் கண்காணிப்பு என்று பெயர் வைத்துவிட்டு எங்களிடம் மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்வது நியாயமா என்று கேட்கிறேன்.

இது இன்று நேற்று வந்த குறையும் இல்லை. 2018 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் இந்த முறைகளுக்கு எதிராகத்தான் வீதிக்கு இறங்கினார்கள். அதே மாதம் நாயாற்றில் தமிழ்க் கடற்றொழிலாளரின் வாடிகளும் (கரையில் போடுகிற தொழில் கொட்டில்கள்) படகுகளும் வலைகளும் எரிந்தன. பருவத்துக்குத் தென்பகுதியில் இருந்து வருகிற தொழிலாளரையும் இங்கே பிறந்து வளர்ந்த தொழிலாளரையும் ஒரே கரையில் முட்டவிட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு எந்தக் கரையில் எந்த முறைக்கு அனுமதி கொடுத்தோம் என்று எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருந்தால், இந்தப் பகையில் பாதி வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. சிலாபத்தில் இருந்து வருகிறவனும் சோளகக் காற்றுக் காலத்தில் தன் கடல் கொந்தளிக்கிறதால் பிழைப்புக்குத்தான் வருகிறான். அவனிடம் அனுமதி இருக்கிறதா இல்லையா என்பதை எங்களில் ஒருவர் அவன் வாடியில் போய்க் கேட்டால் சண்டை, அரசாங்கம் எழுதி ஒட்டியிருந்தால் தகவல்.

இந்திய றோலர் (இழுவைப்படகு) விஷயத்தை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்ததால் நீட்டவில்லை. இழுவைமடிக்கு இங்கே 2017 இல் சட்டத்தாலேயே தடை வந்தது, அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை அது. 2018 இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டமும் பல மடங்கு கூட்டப்பட்டது. சட்டம் நல்லது. தமிழ்நாட்டிலும் 1983 இல் இருந்து அவர்களுடைய கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாளும் எங்கள் கரையில் வலை கிழியாமல் வருகிறது. ஒரு அரசு தன் கரையில் படகுகளை நிறுத்திவைத்தால் அது கடலுக்கு இந்தப் பக்கமும் தெரிகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அதே 2017 இல் பாக்குநீரிணை இழுவைப்படகுகள் 2,000 ஐ ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்றுவதாக அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். அது முழுதாக நடந்திருந்தால் நான் இந்தப் பந்தியையே எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது களப்புகள், அதாவது ஆற்றுவாய் வழியாகக் கடலோடு சேருகிற உவர்நீர்ப் பரப்புகள். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் இந்த மூன்றும்தான் படகு வாங்க வசதி இல்லாதவர்களின் கடல். வீச்சுவலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிறவர்கள், கூடு வைக்கிறவர்கள், கணவன் இல்லாமல் தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் என்று அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறவர்கள் பலர். நந்திக்கடல் இறாலைப் பற்றி வன்னியில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

அந்த இறால் எப்படி அங்கே வருகிறது என்று தெரிந்தால்தான் பிரச்சினை விளங்கும். தாய் இறால் கடலில் முட்டை போடுகிறது, குஞ்சு ஆற்றுவாய் வழியாகக் களப்புக்குள் வந்து உவரும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளர்கிறது, வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போகிறது. நந்திக்கடலுக்கு அந்த வாசல் வட்டுவாகல். வறட்சியில் மணல் மேடு வந்து வாய் மூடிவிடும். மாரியில் முத்தையன்கட்டுப் பக்கம் இருந்து பேராற்றுத் தண்ணீர் வந்து களப்பு நிரம்பும், கரையோர வயல்களுக்குள் தண்ணீர் ஏறும், கமக்காரர் வாயை வெட்டச் சொல்வார்கள். கடற்றொழிலாளர் இறால் இன்னும் பெருக்கவில்லை, பொறுங்கள் என்பார்கள், இல்லாவிட்டால் இப்போதே வெட்டாவிட்டால் கடலில் இருந்து குஞ்சு வராது என்பார்கள், அது வருடத்தையும் மழையையும் பொறுத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இதைத் தீர்ப்பதற்குத்தானே அரசாங்கம்?

ஆனால் யாரிடம் போவது? மீன், இறால் என்றால் கடற்றொழில் திணைக்களம். மணல் மேடு கரையோரத்தில் இருப்பதால் கரையோரம் பேணல் திணைக்களம், அவர்களின் சட்டப்படி உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டில் இருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் அவர்களின் வலயம். 2017 இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டதால் வனஜீவராசிகள் திணைக்களம். வயலுக்குக் கமநல சேவை, குளத்துக்கு நீர்ப்பாசனம், கூட்டம் வைப்பதற்குப் பிரதேச செயலகம். பக்கத்தில் கடற்படை முகாம். ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சரியான பதிலைத்தான் சொல்கிறார்கள், அத்தனை சரியான பதில்களையும் சேர்த்தால் வாய் வெட்டப்படுவதும் இல்லை, ஏன் வெட்டவில்லை என்று எழுத்தில் ஒரு வரி கிடைப்பதும் இல்லை. களப்பு வருடத்துக்கு வருடம் மண் நிரவி ஆழம் குறைந்துகொண்டு வருகிறது என்பதை அதில் நின்று தொழில் செய்கிறவர்களின் முழங்கால் சொல்கிறது. ஆழமாக்க வேண்டும் என்று எத்தனையோ கூட்டத்தில் கதைத்தாகிவிட்டது.

இயற்கை ஒதுக்கம் என்ற அறிவிப்புக்கு நான் எதிரி இல்லை. கண்டல் வேண்டும், பறவை வேண்டும், கொக்கிளாய் 1951 இல் இருந்து பறவைகள் சரணாலயம், அதனால் எங்கள் முன்னோரின் தொழில் கெட்டுப்போகவில்லை. இயற்கை ஒதுக்கத்தில் பாரம்பரியத் தொழில்களுக்கு இடம் உண்டு என்றுதான் விளக்கம் சொல்கிறார்கள். அப்படியானால் எந்தத் தொழில், எந்த வலை, எந்த எல்லை வரை என்பதைத் தமிழில் எழுதி, எல்லைக்கல் நட்டு, அந்தந்தச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். எல்லை தெரியாமல் வலை வீசுகிறவரை எப்போதும் ஒரு பயத்தோடு தொழில் செய்ய விடுவது பாதுகாப்பு ஆகாது.

இதே அரசாங்கம் வேறு இடத்தில் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். மன்னார் விடத்தல்தீவு 2016 இல் இயற்கை ஒதுக்கம் ஆனது. 2024 இல் அதில் ஒரு பகுதியை நீரியல் வளர்ப்புக்காக விலக்கி வர்த்தமானி வந்தது. அதே கண்டல், அதே கடற்புல், எட்டு வருடத்தில் காரணம் மாறிவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் கௌதாரிமுனையில் 2021 இல் கடலட்டைப் பண்ணை பற்றி எழுந்த கேள்விகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: அனுமதி யார் கொடுத்தது, எத்தனை ஏக்கர், உள்ளூர்ச் சங்கத்தைக் கேட்டார்களா. 2022 இல் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்க அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அட்டை நல்ல விலை போகிறது, சொந்தமாகப் பண்ணை போட்டு முன்னேறிய இளைஞர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அட்டைக்கு அடைக்கிற அந்த ஆழமில்லாத கடற்புல் தரைதான் மீன் குஞ்சு வளர்கிற இடம், சிறகுவலைக்காரனும் கூடு வைக்கிறவனும் நடக்கிற பாதையும் அதுதான். வேலி போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்த பிறகு அவர்கள் எங்கே போவார்கள்? நீரியல் வளர்ப்புக்குப் பொறுப்பான நக்டா அதிகாரசபை அனுமதி கொடுக்கும்போது அந்த வரைபடத்தைச் சங்கத்தின் முன் விரித்து வைத்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. 2025 மே மாதம் கேரளாவுக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கிய பிறகு ஜூனில் மன்னார்க் கரையில் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை ஆட்களை இறக்கிக் கரையைத் துப்புரவு செய்தது. யாருடைய கடல் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் வேலையில் இறங்கினார்கள். அப்படி இறங்க முடியும் என்றால் மற்றதற்கும் முடியும் என்றுதான் எனக்குப் படுகிறது.

மாகாண சபை இருந்தால் கொஞ்சமாவது கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் ஆள்புல நீருக்கு உட்பட்ட கடற்றொழில் ஒருங்கிய நிரலில் இருக்கிறது, அதாவது மத்தியும் மாகாணமும் கலந்து செய்ய வேண்டியது. வடக்கு மாகாண சபைக்குக் கடற்றொழிலுக்கு ஒரு அமைச்சரும் இருந்தார். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. சபை இருந்த காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அதிகாரம் அவர்களிடம் குறைவுதான். ஆனால் எங்கள் ஊர் ஆற்றுவாயைப் பற்றிக் கேள்வி கேட்க நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர் இருப்பதும், கொழும்பில் இருந்து பதில் வரும் என்று காத்திருப்பதும் ஒன்றில்லை.

நான் கேட்பது பெரிய காசு செலவாகிற விஷயமே இல்லை. ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் சுவரிலும் ஒரு பலகை. அந்தக் கரையில் சுருக்குவலைக்கு யார் யாருக்கு அனுமதி, அட்டைக்கு இறங்க யாருக்கு அனுமதி, கரைவலைப் பாடு (வலை இழுக்கிற இடம்) யாருடையது, பண்ணை எத்தனை ஏக்கர், எந்தத் திகதி வரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். அப்புறம் வந்த முறைப்பாடு எத்தனை, அதில் எத்தனைக்குக் கடலில் போய்ப் பார்த்தார்கள், எத்தனை நீதிமன்றம் போனது என்று ஒரு வரி. இதைப் பார்த்தாலே தொழிலாளி அரைவாசி அதிகாரியாகிவிடுவான், இலக்கம் இல்லாத படகைக் கண்டால் தானே வந்து சொல்வான். கண்காணிப்புக்கு ஆள் இல்லை என்று சொல்கிற திணைக்களத்துக்குக் கரை முழுக்க ஆள் இருக்கிறது, அவர்கள் கையில் பட்டியல்தான் இல்லை.

அதுவரைக்கும் ஒரு வழி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. தமிழில் எழுதலாம். "தகவல் அலுவலர்" என்று விலாசமிட்டுக் கொடுங்கள், ஒப்புக்கொண்ட சீட்டை வாங்கித் திகதியைப் பாருங்கள், தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் பெயர் குறிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பதில் இல்லாவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு. கேள்வியைச் சின்னதாக, ஒரு கரைக்கு ஒரு வருடத்துக்கு என்று வையுங்கள், "எல்லா அனுமதிகளும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நாங்கள் எங்கள் கரைக்குச் சுருக்குவலை அனுமதிப் பட்டியல் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். கொக்கிளாயில் இருந்து சாலை என்ற ஊர் வரைக்கும் உள்ள மற்றச் சங்கங்களும் தங்கள் கரைக்கு ஒவ்வொன்று எழுதினால் நல்லது, கடித மாதிரி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.